பார்க்காமல் விட்ட படங்களா, பார்க்க விடாத படங்களா?

“நல்ல படமெல்லாம் ரொம்ப லேட்டாத்தான் பார்க்குறீங்க தோழர்” என்று மாணவர்கள் கேலி செய்வதுண்டு. உண்மைதான். வருடக்கணக்கில் தள்ளிப்போன படங்களை இந்த மாதம்தான் உட்கார்ந்து பார்த்து முடித்தேன். எனக்குப் பிடித்தவற்றை இங்கே பகிர்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. ஒரு படம் நம்மிடம் பத்து வருடம் தாமதமாக வந்து சேர்ந்தால் அதற்கு நம் சோம்பல் மட்டும்தான் காரணமா?

முதல் படம், ஜப்பார் படேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’. மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் பணம் போட்டு, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் எடுத்த படம். அம்பேத்கராக நடித்த மம்முட்டிக்கு தேசிய விருது கிடைத்தது. படம் வந்தது 2000இல். தமிழ் பேசும் அம்பேத்கர் தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வந்தது 2010 டிசம்பரில். அதுவும் இயக்கங்கள் குரல் கொடுத்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. அரசு பணத்தில் எடுத்த படம், அரசியல் சாசனத்தை எழுதியவரைப் பற்றிய படம். அதற்கே பத்து வருடம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு படத்தை வையுங்கள். ‘ஒரே ஒரு கிராமத்திலே’. பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெண் சாதியை மறைத்து, ஒடுக்கப்பட்ட சாதிச் சான்றிதழோடு அரசுப் பதவிக்கு வருகிற கதை. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு அநியாயம் என்பதுதான் படத்தின் வாதம். எதிர்ப்பு கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1989 மார்ச்சில் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை என்றது தீர்ப்பு. படத்துக்கு தேசிய விருதும் கிடைத்தது.

நான் அந்தப் படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. தீர்ப்பு சரியான தீர்ப்பு. என் கேள்வி வேறு: அந்தத் தீர்ப்பு ஏன் நம் தெருவுக்கு மட்டும் வருவதில்லை?

2017இல் தோழர் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை எடுத்தார். கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் தமிழ்நாட்டில் யார் அள்ளுகிறார்கள், யார் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள் என்று முகத்துக்கு நேராகக் காட்டிய படம். திரையிடப் போன இடங்களில் போலீஸ் சொன்ன காரணம் ‘சட்டம் ஒழுங்கு’. உச்ச நீதிமன்றம் 1989இல் செல்லாது என்று ஒதுக்கிய அதே காரணம்! கடைசியில் யூடியூபில் ஏற்றித்தான் மக்களிடம் கொண்டுபோனார். 2025இல் ‘சந்தோஷ்’ படத்துக்கு என்ன ஆனது? தலித் சிறுமியின் கொலையையும் போலீசின் சாதித் திமிரையும் பேசும் அந்தப் படம் பிரிட்டன் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. நம் தணிக்கை வாரியம் கைவிரித்துவிட்டது.

தடை போடாமலும் ஒரு படத்தைக் கொல்லலாம். அம்ஷன் குமாரின் ‘மனுசங்கடா’ 2018இல் வெளியானது. தியேட்டரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். செத்துப்போன அப்பாவின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக ஒரு மகன் நீதிமன்ற உத்தரவு வாங்கி வருகிறான். உத்தரவு கையில் இருக்கிறது, பாதை மட்டும் திறக்கவில்லை. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் நடந்தது நினைவிருப்பவர்களால் இதை வெறும் கதையாகப் பார்க்க முடியாது. இந்தப் பட்டியலில் என்னை அதிகம் உலுக்கிய படம் இதுதான். இதில் ஹீரோ யாரையும் அடிப்பதில்லை. கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்கிறான். அதற்கே அரசு இயந்திரம் முழுவதும் எதிரில் வந்து நிற்கிறது.

நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ (2013) மராத்திப் படம். பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன் ஜப்யா. அடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் பள்ளிச் சுவரைக் கடக்கும்போது, சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாயும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஜப்யா எறியும் கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. வேடிக்கை பார்த்தவர்களில் நாமும் உண்டு என்பதற்கு வேறு வசனம் தேவையா?

நம் ஊர்ப் பெயரில் வந்த படத்தையும் சொல்ல வேண்டும். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’, தேசிய விருது பெற்ற படம். காலமெல்லாம் பட்டு நெய்தவன் தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுக்க முடியாமல் நூலைத் திருடுகிறான். அரைகுறையாக நெய்த துணி அவள் பிணத்தை மூடக்கூடப் போதவில்லை. கூலியையும் சுரண்டலையும் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு. எனக்குப் பிடித்த படம். ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் காஞ்சிபுரத்தில் சேரி எங்கே? வர்க்கம் தெரிந்த கேமராவுக்கு ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் கோடு தெரியவில்லையா?

இப்படிக் கேட்டால் உடனே வரும் பதில், “கலையைக் கலையாப் பாருங்க.” பார்க்கிறோம். கலையைப் பார்க்கத்தானே 2023 மார்ச்சில் டிக்கெட்டோடு ரோகிணி தியேட்டர் வாசலில் நரிக்குறவர் குடும்பம் நின்றது? ஊர் பார்த்துக் கொதித்த பிறகுதானே கதவு திறந்தது? பிறகு தியேட்டர் தரப்பு சொன்ன காரணம் குழந்தைகளின் வயதும் தணிக்கைச் சான்றிதழும். விதிப்புத்தகம் சரியாக யாரைப் பார்க்கும்போது மட்டும் திறக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மாணவத் தோழர்களே, பட்டியல் போடுவது சின்ன வேலை இல்லை. எங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் அண்ணாந்து பார்த்தால், தீர்த்தங்கரர்களின் கதை காட்சி காட்சியாக ஓவியமாக ஓடும், கீழே தமிழில் குறிப்போடு. தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைத்தார்கள், நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்ததாக யுவான் சுவாங் எழுதிய இதே காஞ்சியில் இன்று மிஞ்சியிருப்பது அங்கங்கே சில புத்தர் சிலைகள்.

ஆகவே ஓடிடி நீட்டுகிற வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, தெருவில் ஒரு சுவர் போதும். மாதம் ஒரு படம் போடுங்கள். பெண்களும் பெரியவர்களும் வந்து உட்காரும் நேரத்தில் போடுங்கள். முடிந்ததும் அரைமணி நேரம் பேசுங்கள், பேசியதை எழுதி வையுங்கள். அனுமதி இல்லை என்று யாராவது வந்தால் 1989 தீர்ப்பின் நகலை நீட்டுங்கள். உங்கள் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.

ஜெய் பீம்.