காசு போயாச்சு... பொருள் வருமா?

கடைக்குப் போய்க் காசைக் கொடுத்தால் பொருள் கைக்கு வரும். சரியில்லை என்றால் பில்லைக் காட்டிச் சண்டை போடலாம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வியாபாரம்.

இன்னொரு வகை வியாபாரம் இருக்கிறது. அங்கே கடை கிடையாது. பொருள் கிடையாது. பல சமயம் அதைச் செய்து கொடுக்கப் போகும் தொழிற்சாலை எது என்பதுகூட முடிவாகியிருக்காது. இருப்பது ஒரு மூன்று நிமிட வீடியோ, பின்னணியில் இதமான கிடார் இசை, சிரித்த முகத்தோடு இரண்டு இளைஞர்கள், பக்கத்திலேயே நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டு போகும் ஒரு தொகை. கீழே 'முதலில் வருபவர்களுக்கு மட்டும் பாதி விலை' என்று ஒரு வரி. அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான பேர் கிரெடிட் கார்டை வெளியே எடுத்துவிடுகிறார்கள்!

இதுதான் கிரவுட்ஃபண்டிங். ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி, முகம் தெரியாத பலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு புதுப் பொருளை உருவாக்க உதவுவது. 2008-ல் இண்டிகோகோ, 2009-ல் கிக்ஸ்டார்ட்டர் என்று அமெரிக்காவில் தொடங்கிய தளங்கள் இதை உலகம் முழுக்கப் பரப்பின. பாட்டு ஆல்பம், புத்தகம், குறும்படம் என்று போய்க்கொண்டிருந்தவரை பெரிய பிரச்சினை இல்லை. மின்னணுச் சாதனங்கள் உள்ளே வந்த பிறகுதான் 'இது எப்போதாவது வீடு வந்து சேருமா?' என்ற கேள்வி பெரிதானது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு உடனே ஒரு பட்டம் கிடைக்கும். 'புதுசா எதைச் செய்தாலும் குறை சொல்றவன்', 'வயிற்றெரிச்சல் பிடிச்சவன்'. ஆனால் சந்தேகப்படுபவர் எல்லாரும் எதிரில் இருப்பவரைத் திருடன் என்று சொல்லவில்லை. திருடனே இல்லாமலும் பணம் காணாமல் போகும் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு ஸானோவின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உள்ளங்கை அளவு டிரோன்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பெம்ப்ரோக்‌ஷயர் என்று ஒரு கடலோர மாவட்டம். அங்கே இருந்த டார்க்கிங் குரூப் என்ற சின்ன நிறுவனம் 2014 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திட்டத்தை வைத்தது. பெயர் ஸானோ. உள்ளங்கையில் அடங்கும் டிரோன். தானாகப் பறக்கும், ஆள் பின்னாலேயே வரும், எதிரே தடை இருந்தால் ஒதுங்கிப் போகும், மேலே இருந்து அழகாகப் படம் பிடிக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். வீடியோவைப் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

கேட்ட தொகை 1,25,000 பவுண்டு. 2015 ஜனவரியில் கணக்கை முடித்தபோது வந்து சேர்ந்தது 23 லட்சம் பவுண்டுக்கும் மேல். பணம் போட்டவர்கள் 12,075 பேர். அதாவது கேட்டதைப் போல ஏறக்குறைய 19 மடங்கு. ஐரோப்பாவிலிருந்து கிக்ஸ்டார்ட்டருக்கு வந்த திட்டங்களில் அதுவரை இவ்வளவு பெரிய தொகை எதற்கும் சேர்ந்ததில்லை. அந்த ஜனவரியிலேயே லாஸ் வேகாஸில் நடந்த பெரிய மின்னணுக் கண்காட்சியிலும் ஸானோவை வைத்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின.

2015 ஜூன் மாதம் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில நூறு டிரோன்கள் வெளியே போயின. கிடைத்தவர்கள் சொன்னது: சில நிமிடம்தான் பறக்கிறது, சுவரில் முட்டுகிறது, படமும் சுமார். நவம்பரில் திட்டத்தின் தலைவர் பதவி விலகினார். அதே மாதம் நிறுவனம் கலைப்புக்குப் போனது. அனுப்ப வேண்டியது சுமார் 15,000. அனுப்பியது சுமார் 600.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கிக்ஸ்டார்ட்டரே மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளருக்குப் பணம் கொடுத்து, என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னது. அவருடைய நீண்ட அறிக்கை 2016 ஜனவரியில் வெளிவந்தது. எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு மோசடிக் கதை. சொகுசுக் கார், பங்களா, வெளிநாட்டு வங்கிக் கணக்கு... அப்படி எதற்கும் ஆதாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. சொன்னபடி அந்தப் பொருளைச் செய்து கொடுக்கத் தேவையான தொழில்நுட்பத் திறமையும் வியாபாரத் திறமையும் அவர்களிடம் இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. வீடியோவில் தெரிந்த திறமை அந்தச் சமயத்தில் டிரோனிடம் இல்லை என்பதும் வெளியே வந்தது.

23 லட்சம் பவுண்டை 12,075-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 190 பவுண்டு. பணக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்களுக்கும், பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தவர்களுக்கும் அப்படி இல்லை.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

வணிகவியல் முதலாண்டில் சொல்லித் தரும் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கினால் அது வருமானம் அல்ல, பொறுப்பு. இருப்புநிலைக் குறிப்பில் கடன்களோடு சேர்த்து எழுத வேண்டியது. பொருளைக் கொடுத்த பிறகுதான் அது வருமானமாக மாறும். கிரவுட்ஃபண்டிங்கில் இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 'ஒரே மாதத்தில் 10 மில்லியன் டாலர் சேர்த்தார்கள்' என்று தலைப்புச் செய்தி வருகிறது. 'ஒரே மாதத்தில் 10 மில்லியன் டாலருக்குக் கடன்பட்டார்கள்' என்று எழுதினால்தான் கணக்கு சரி.

அதைவிடப் பெரிய சிக்கல் விலை. சாதாரண வியாபாரத்தில் அடக்க விலை தெரிந்த பிறகு விற்பனை விலை வைப்பார்கள். இங்கே தலைகீழ். முதலில் விலை, பிறகுதான் அடக்கம். மேசை மேல் ஓடும் மாதிரி ஒன்றைச் செய்வது ஒரு வேலை. அதையே பத்தாயிரம் செய்வது முற்றிலும் வேறு வேலை. பிளாஸ்டிக் உடம்புக்கு உலோக அச்சு வெட்ட வேண்டும், அதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் மறுபடியும் செலவு. மின்காந்தக் குறுக்கீடு சோதனை, பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரி இருந்தால் விமானத்தில் அனுப்பத் தனி விதிமுறை. சில்லு தருகிறவர் குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் வாங்கினால்தான் தருவேன் என்பார். செய்ததில் நூற்றுக்குப் பத்து பழுதானால் அதையும் தாங்க வேண்டும். இதில் எதுவும் வீடியோ எடுத்த நாளில் முழுதாகத் தெரிந்திருக்காது. ஆனால் விலை அன்றைக்கே உறுதியாகிவிட்டது!

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சாதனத்துக்கு 10,000 ரூபாய் வாங்கியாயிற்று. செய்து அனுப்ப 8,000 ஆகும் என்று நினைத்தது 11,000 ஆகிவிட்டது. ஒன்றுக்கு ஆயிரம் நஷ்டம். 500 பேர் என்றால் 5 லட்சம். நண்பர்களிடம் கடன் வாங்கியாவது அனுப்பிவிடலாம். 50,000 பேர் என்றால்? 5 கோடி. யார் கொடுப்பார்கள்?

'நிறையச் செய்தால் அடக்கம் குறையுமே' என்று கேட்கலாம். உண்மைதான். அச்சுச் செலவு பலருக்குப் பிரியும். ஆனால் அது ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு. செய்யவே கற்றுக்கொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை கூடக்கூடத் தவறும் அதே அளவு பெருகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். ஸானோவுக்கு வந்த வீக்கம் விரலை அல்ல, கையையே மீறியது. ஆக, 'கேட்டதைவிட 19 மடங்கு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று நினைப்பது தவறு. கவலைப்பட ஆரம்பிக்க வேண்டிய இடமே அதுதான்.

கூலெஸ்ட் கூலர் இதற்கு இன்னொரு சாட்சி. மிக்ஸி, புளூடூத் ஒலிபெருக்கி, போன் சார்ஜர் எல்லாம் பொருத்திய ஐஸ் பெட்டி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர் ஒருவர் 2014-ல் இதற்காக 50,000 டாலர் கேட்டார். 62,642 பேர் 1.3 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். பெரும்பாலானோர் கொடுத்தது ஆளுக்கு 200 டாலருக்குள். செய்து பார்த்தால் அடக்கமே அதைத் தாண்டியது. பணம் திரட்ட வேண்டி, காத்திருந்தவர்களை விட்டுவிட்டு, முழு விலைக்கு அமேசானில் விற்றார்கள். 2016-ல், சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கொடுங்கள் என்று பணம் போட்டவர்களிடமே கேட்டார்கள். 2019 டிசம்பரில் கடையை மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி கிடைக்கவே இல்லை. மூன்றில் ஒருவருக்கு நாமம்!

வந்து சேர்ந்தவையும் உண்டு

எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் அது பொய். பெபிள் கைக்கடிகாரம் 2012-ல் 1 லட்சம் டாலர் கேட்டு 1 கோடிக்கு மேல் வாங்கியது. 2012 செப்டம்பரில் தருவதாகச் சொன்னது 2013 ஜனவரியில்தான் கிளம்பியது. தாமதம்தான், ஆனால் சொன்னதைச் செய்தார்கள். அதே நிறுவனம் 2016-ல் மூன்றாவது முறையாகப் பணம் திரட்டியபோது பாதியிலேயே தடுமாறி, அதன் சொத்துகள் ஃபிட்பிட்டுக்குப் போயின. அறிவித்த கடிகாரங்களில் ஒன்று கைவிடப்பட்டது. ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அனுபவசாலிகளுக்கே இந்த நிலைமை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர் ஈதன் மோலிக், 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்ட ஏறத்தாழ 47,000 பேரிடம் கேட்டுப் பார்த்தார். பணம் திரட்டி முடித்த திட்டங்களில் சுமார் 9 சதவீதம் சொன்னதைக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. பத்தில் ஒன்று என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணிக்கையில் புத்தகம், பாட்டு எல்லாமும் அடக்கம். அவருடைய முந்தைய ஆய்வில், வடிவமைப்பு மற்றும் தொழில்நுட்பத் திட்டங்களில் நான்கில் மூன்றுக்கு மேல் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன. எனவே ஒரு சாதனத்தின் பக்கத்தில் எழுதியிருக்கும் தேதியை நம்பி யாருக்கும் பரிசு வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

யார் பக்கம் ஆபத்து?

இதில் நியாயம் எங்கே இடிக்கிறது என்றால், பணம் போட்டவரின் நிலைமையில்தான். அவர் வாடிக்கையாளர் என்றால் பொருளோ பணமோ உடனே கேட்கும் உரிமை வேண்டும். அது நடைமுறையில் இல்லை. 'கிக்ஸ்டார்ட்டர் கடை அல்ல' என்று அந்தத் தளமே 2012-ல் அறிவித்துவிட்டது. ஒப்பந்தம் செய்கிறவருக்கும் பணம் போட்டவருக்கும் இடையில்தான், தளம் அதில் தரப்பே இல்லை. தளத்துக்கு 5 சதவீதக் கட்டணம் மட்டும் முதலிலேயே போய்விடும். சரி, அவர் முதலீட்டாளரா என்றால் அதுவும் இல்லை. ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர் கண்ணாடிக்கு 2012-ல் 9,522 பேர் சுமார் 24 லட்சம் டாலர் போட்டார்கள். 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பணம் போட்டவர்களுக்கு அதில் ஒரு சல்லிக்காசு பங்கு கிடையாது.

அதாவது நஷ்டம் வந்தால் முதலாளி மாதிரி தாங்க வேண்டும், லாபம் வந்தால் வாடிக்கையாளர் மாதிரி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எந்த வணிகவியல் புத்தகத்திலும் இப்படி ஒரு பங்காளியைப் பார்க்க முடியாது :-)

உண்மையான மோசடியும் இல்லாமலில்லை. பேட்டரிகளும் இணைய வசதியும் பொருத்திய 'ஐபேக்பேக்' என்ற முதுகுப்பைக்காக 8 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியவர், அதில் பெரும்பகுதியைச் சொந்தச் செலவுக்கும் பிட்காயின் வாங்கவும் பயன்படுத்தினார் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் வழக்குப் போட்டது. ஆனால் மோசடிக்காரனை மட்டும் தேடிக்கொண்டிருந்தால், கெட்டிக்காரத்தனம் இல்லாத நல்லவனிடம் ஏமாந்து போவோம். அதுதான் அதிகம் நடக்கிறது.

எனவே பணம் போடும் முன் நான்கு கேள்வி. வெட்டி ஒட்டாமல் பொருள் வேலை செய்வதைக் காட்டியிருக்கிறார்களா? இதற்கு முன் எதையாவது ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய அனுபவம் உண்டா? எந்தத் தொழிற்சாலை என்று சொல்கிறார்களா? கடையில் இதே மாதிரி பொருள் விற்கும் விலையைவிட இது நம்ப முடியாத அளவு மலிவாக இருக்கிறதா? முதல் மூன்றுக்கு 'ஆம்', நான்காவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் யோசிக்கலாம். அப்போதும் நன்கொடையாகக் கொடுத்தால் வருத்தப்படாத தொகையை மட்டும்.

தேர் இழுக்க ஊர் கூடுவது நல்ல விஷயம்தான். புதிதாக எதையாவது செய்ய நினைக்கும், வங்கி வாசலில் நிற்க முடியாத இளைஞர்களுக்கு இதைப் போல வழி வேறு இல்லை. அந்த வழி அடைபடாமல் இருக்க வேண்டுமென்றால் கேள்வி கேட்பவர்கள் வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு ஸானோவும் 12,000 பேரின் பணத்தை மட்டும் கொண்டு போகவில்லை, அடுத்து நேர்மையாக வந்து நிற்கப் போகிறவன் மேல் அந்த 12,000 பேருக்கு வந்திருக்கக்கூடிய நம்பிக்கையையும் சேர்த்தே கொண்டு போயிற்று.

வடத்தைப் பிடிப்பதற்கு முன்னால் தேருக்குச் சக்கரம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது பாவமா என்ன?