காற்று குளிருது, வெயில் சுடுது

மார்ச் மாதத்தில் ஒருநாள், காலை பத்தரை மணிக்கு ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மைதானம் ஒன்றில் நின்று பாருங்கள். நிழலில் ஒதுங்கினால் சுவெட்டர் கேட்கும். வெயிலில் இறங்கினால் கன்னம் எரியும். தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கிலிருந்து மைல் கணக்கில் நடந்து வந்த பிள்ளைகள் அணிநடைக்காக வரிசையில் நிற்பார்கள். விடியற்காலையில் சாப்பிட்டது ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும்தான். போட்டி இன்னும் தொடங்கியிருக்காது. பிரதம அதிதி வந்துகொண்டிருக்கிறாராம்.

மலையகத்தில் பல பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி இப்படித்தான் நடக்கிறது. கேட்டால், "மலைநாட்டில் என்ன பெரிய வெயில்?" என்கிறார்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப எச்சரிக்கைகளும் பெரும்பாலும் தாழ்நிலத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவதும் தெரியாது. ஓடும்போது உடம்பே சூட்டை உண்டாக்குகிறது. ஏற்றத்தில் ஓடும்போது அது இன்னும் கூடும். அதனால் கடும் வெயில் இல்லாத நாளிலும் ஓடுகிறவர் சூட்டால் விழலாம்.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சாவு நாடு முழுவதையும் உலுக்கியது. அந்த நாட்களில், வெப்பமான நேரங்களில் மாணவர்களை வெளியே பயிற்சியில் ஈடுபடுத்த வேண்டாமென்று கல்வி அமைச்சும் அறிவுறுத்தியது. தாழ்நிலத்துப் பிள்ளைக்குத் தேவைப்படும் அந்தக் கவனம் தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாட்டின் சராசரி 17 சதவீதம். அன்று அளக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள்தான் இன்று ஓட்டத்துக்கு நிற்கிறார்கள்.

போட்டியை வேறு மாதத்துக்குத் தள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹற்றன் மைதானங்கள் சேறாகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மண் காய்ந்திருக்கும். பீலியில் தண்ணீர் நூலாக இறங்குவதும் அதே மாதங்களில்தான். மாதத்தை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம்.

மரதன் ஓட்டத்தைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். மைதானத்து ஓட்டங்கள் பத்தரைக்குள் முடியட்டும். மிச்சத்தைப் பிற்பகல் மூன்றரைக்குப் பின் வைக்கலாம். பேச்சும் பரிசளிப்பும் மண்டபத்தில் நடக்கலாம். கொழுந்து நிறுக்க மடுவம் கட்டித் தரும் தோட்ட நிர்வாகம், மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தாங்கியும் வைத்துத் தருவது பெரிய செலவில்லை. வலயக் கல்விப் பணிமனைகள் இவற்றை எழுத்தில் கட்டாயமாக்க வேண்டும். தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை இல்லத்துப் புள்ளிக்காக ஓடச் சொல்லாதிருப்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

ஒரு பிள்ளை தடுமாறி விழுந்தால், பிதற்றினால், தாமதிக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு உடனே அழையுங்கள், சேவை இலவசம். ஆனால் தோட்டப் பாதையில் அது ஏறிவர நேரமெடுக்கும். ஆகவே போட்டி முடியும்வரை ஒரு வாகனம் மைதானத்திலேயே நிற்க வேண்டும்.

கடைசியாக, பிரதம அதிதிகளாக வரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் எட்டு மணி என்றிருந்தால் எட்டு மணிக்கே வாருங்கள். முடியாதென்றால், "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், தொடங்குங்கள்" என்று அதிபரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.