படமும் தற்குறிப்பேற்றமும்

இயல்பாய் நிகழும் நிகழ்ச்சியின்மீது புலவன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்ற அணி. மாணவர்கள் இதனை எளிதிற் கற்கின்றனர். தேர்விலும் நன்றாகவே எழுதுகின்றனர். கவிதைக்கு அழகு சேர்க்கும் இவ்வணி, ஒளிப்படத்தின் அடிக்குறிப்பில் புகுந்தால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியக் கங்காருப் படமொன்று சான்றாகும்.

2016 சனவரியில் குயின்ஸ்லாந்து மாநிலத்து ரிவர் ஹெட்ஸ் என்னும் ஊரில் அப்படம் எடுக்கப்பட்டது. உயிர் பிரியும் பெண் கங்காருவின் தலையை ஆண் கங்காரு தன் கைகளில் ஏந்தியுள்ளது, அருகே குட்டி. துணையை இழக்கும் ஆணின் துயரம் என்று பல நாட்டு நாளேடுகள் எழுதின. பார்த்தோர் கண் கலங்கினர். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்து விலங்கியலறிஞர் மார்க் எல்ட்ரிட்ஜ் இதனை மறுத்தார். இணைசேரும் வேட்கையால் அந்த ஆண், பெண்ணை எழுப்ப முயல்கின்றது என்றார் அவர். அதன் முன்கைகள் நனைந்திருந்தன. உடற்சூடு மிகும்போது கங்காரு தன் முன்கைகளை நக்கித் தணித்துக்கொள்ளும். அப்பெண்ணின் சாவுக்கே அவ்வாண் காரணமாயிருக்கக்கூடும் என்ற கருத்தும் எழுந்தது.

நனைந்த கைகள் படத்திலேயே இருந்தன. நாம்தாம் காணவில்லை.

சீறாப்புராணத்தில் மான் பேசுகின்றது. அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அற்புதமாகப் பாடப்பட்டது. ஒளிப்படக்காரர் எவரும் தம் விலங்குக்கு அவ்வாறு வாய்ப்பேச்சு வழங்க உரிமையுடையவர் அல்லர். அறிவியற் படத்துக்கு உரியது தன்மையணி ஒன்றே.

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009இல் வென்ற ஓநாய்ப் படம், அது பழக்கிய ஓநாயாக இருத்தல் கூடும் என்று நடுவர்கள் கருதியதால் 2010இல் நீக்கப்பட்டது. 2017இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படமும், அது பாடம் செய்த உடலே என்ற முடிவினால் 2018இல் நீக்கப்பட்டது. விலங்கின் மெய்ம்மையை இத்துணை நுணுகி ஆராய்வது பாராட்டத்தக்கது. அடிக்குறிப்பின் மெய்ம்மையையும் அவ்வாறே எல்லாப் போட்டிகளிலும் ஆராய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

உணர்ச்சியற்ற குறிப்பை யார் படிப்பர் என வினவலாம். பிறந்த கங்காருக் குட்டி ஒரு கிராம் எடைகூட இராது. கண் திறவாத அவ்வுயிர், தாயின் மயிரைப் பற்றித் தானே ஏறிப் பையை அடைகின்றது. இதற்குமேல் எந்தக் கற்பனை வேண்டும்?

எல்ட்ரிட்ஜ் தந்த விளக்கத்தையே அடிக்குறிப்பாக இட்டு ரிவர் ஹெட்ஸ் படத்தை ஓர் அறிவியற் போட்டிக்கு அனுப்பினால், நான் நடுவனாயிருப்பின் அதற்கே முதற்பரிசு அளிப்பேன்.