பாளையங்கோட்டையைக் கேட்டார்களா?

பாளையங்கோட்டை நகரசபை என்று ஒன்று இப்போது கிடையாது. 1866இல் பிறந்தது, 1994 ஜூன் 1ஆம் தேதி மறைந்தது. நூற்றிருபத்தெட்டு வருஷம் இருந்த ஸ்தாபனம். ஒரு சாதாரண மனிதன் செத்தால்கூட நாலு பேர் கூடி, என்ன ஏது என்று விசாரிக்கிறார்கள். பாளை நகரசபை போனபோது, விசாரிக்க வேண்டிய கவுன்சிலர்கள் யாரும் அந்தக் கட்டிடத்தில் இல்லை. பழம்பெருமை பேசுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. அன்று ஜனங்களைக் கேட்காமல் செய்த காரியம் அதற்குப் பிறகும் நடந்திருக்கிறது. இனியும் நடக்கலாம் என்பதற்கு அறிகுறிகளும் தெரிகின்றன.

முதலில் கொஞ்சம் பூகோளம். பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேருகிற தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே தொடங்கி தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிற ஆறு. காவிரிக்குச் சொல்வதுபோல அடுத்த மாநிலத்தைக் குறை சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை. இந்த ஆற்றுக்கு நேர்கிற நல்லது கெட்டது எல்லாம் நம் கணக்கில்தான் ஏறும். இடது கரையில் டவுன், ஜங்ஷன், தச்சநல்லூர். வலது கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம். டவுன், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பாளை, பெயரே சொல்வதுபோல, கோட்டையையும் பட்டாளத்தையும் சுற்றி வளர்ந்த ஊர். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை காவலை உடைத்துக்கொண்டு வெளியேறியது இந்தப் பாளையங்கோட்டையிலிருந்துதான். பின்னால் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் வந்தன. பக்கத்திலேயே மேலப்பாளையம்: தறியும் பீடியும் சோறு போட்ட ஊர். இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஜீவனம், தனித்தனிக் கவலை.

இரண்டு கரையையும் சேர்த்தது சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறக்கப்பட்டது. அன்று வரி வசூலித்தது கம்பெனி சர்க்கார். ஆனால் பாலத்துக்குப் பணம் தந்தவர், அந்தச் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார் என்ற தனி மனிதர். அவர் செய்தது பெரிய காரியம். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற வரி ஒருபுறம் போக, ஊருக்கு வேண்டியதை ஊரே தன் கைப்பணத்தில் செய்துகொள்ள வேண்டும் என்ற வழக்கம் எத்தனை பழையது என்பதற்கு அந்தப் பாலம் இன்றைக்கும் சாட்சி நிற்கிறது.

பாலம் வந்து இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1866இல், இரு கரையிலும் நகரசபைகள் வந்தன. பெயர்தான் நகரசபை. கலெக்டர் தலைவர், உறுப்பினர்கள் நியமனம். பின்னாட்களில் தேர்தல் வந்தபோதும் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே வாக்கு. தெருவைக் கூட்டியவனுக்கும் மலம் சுமந்தவளுக்கும் அங்கே பேச்சுக்கு இடமில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் கொதித்தெழுந்த திருநெல்வேலி ஜனங்கள் நகரசபை அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். அந்த அலுவலகத்தைத் தங்களுடையது என்று நினைத்திருந்தால் தீ வைத்திருப்பார்களா?

சுதந்திரத்துக்குப் பிறகு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றாகிவிட்டது. ஆனால் அந்த ஓட்டைப் போடுகிற நாள் எப்போது வரும் என்பதை மட்டும் ஆளவந்தார்கள் தங்கள் மடியில் முடிந்துகொண்டார்கள். 1986இல் நகரசபைத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1996இல். ஐந்து வருஷக் கவுன்சிலுக்குப் பத்து வருஷ இடைவெளி! அந்த இடைவெளியின் நடுவில்தான் 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகரசபைகளையும் தச்சநல்லூரையும் சுற்றியிருந்த கிராமங்களையும் ஒன்றாக்கி மாநகராட்சி என்று அறிவித்தார்கள். தலையாட்டக்கூட ஒரு கவுன்சில் இல்லை, ஆட்சேபிக்கவும் இல்லை. கல்யாணப் பேச்சில் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்காத பழைய காலம் நினைவுக்கு வருகிறது.

இணைப்பே தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஒரே ஆற்றில் குடிக்கிற ஊர்கள். குழாயும் சாக்கடையும் ஒரே திட்டத்தில் வருவது நியாயம். இணைப்பதற்கு முன் பாளைக்காரனைக் கேட்டிருக்க வேண்டும், மேலப்பாளையத்துக்காரனைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறோம். இணைத்த பிறகாவது அந்தந்தப் பகுதிக்கு அதிகாரமும் பணமும் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறோம். பாளைக்கு மண்டல அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வரி கட்டலாம், மனுக் கொடுக்கலாம். ஆனால் தலைமை அலுவலகமும் கஜானாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கமிஷனரை நியமிக்கிற கை அதற்கும் அப்பால், சென்னையில்.

சரி, 1994 பழைய கதை என்று ஒதுக்கலாமா? 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகர மன்றத்தின் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. அந்தக் கட்டளை இருந்தும், 2016 அக்டோபரில் காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் ஆபீசர் ராஜ்யம்! அதாவது ஒரு முழுக் கவுன்சிலின் ஆயுளையே விழுங்கிவிட்டார்கள்.

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது? 2017இல் நெல்லை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வாயிற்று. அதற்காகக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனிக் கம்பெனி. எந்தப் பஸ் ஸ்டாண்டை இடிப்பது, எந்த மைதானத்தைத் திருத்துவது என்பதை ஊர் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமலே தீர்மானித்தார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள். அது வருஷக்கணக்கில் மூடிக்கிடந்தது. வெயிலில் நின்ற ஜனங்கள் யாரைக் கேட்பது? கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. கம்பெனியின் டைரக்டரை எந்தத் தெருவில் போய்ப் பிடிப்பது?

ஒரு வாய்க்கால், பல எஜமானர்கள்

ஸ்தல ஆட்சி எங்கே இருக்க வேண்டும் என்பதை வாசகர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பாளையங்கால்வாயின் கரையோடு ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பழவூர் அணைக்கட்டில் ஆற்றின் வலது புறம் பிரிகிற கால்வாய் அது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் பழவூர் ஒன்று. அதற்குக் கீழே உள்ள சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கத்துக்கு, இது நம் பக்கத்துக்கு. வயலுக்குப் பாய்ந்து, வழியில் குளங்களை நிரப்புவதற்காக வெட்டியது. ஊர் வளர்ந்தது; கால்வாய் வீடுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மேலப்பாளையத்திலும் பாளையிலும் வீட்டுக் கழிவும் தெருக் கழிவும் அதில் இறங்குகின்றன. மேலே நல்ல தண்ணீர். ஊரைத் தாண்டிப் போகும்போது சாக்கடை. கீழே வயல் வைத்திருப்பவன் நாற்று நடுவது இந்தத் தண்ணீரில்தான். நடுகிற பெண்களின் காலில் வருகிற சிரங்குக்கு எந்த இலாகா பொறுப்பு?

கால்வாயும் குளமும் நீர்வள இலாகாவுடையவை. அதில் விழுகிற சாக்கடை மாநகராட்சியுடையது. குழாய்த் திட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பங்கு. மேலே போகிற பெரிய ரோடு நெடுஞ்சாலைக்காரர்களுடையது. கரையில் உள்ள ஆக்கிரமிப்பு ரெவின்யூ இலாகாவின் காகிதத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அது பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. புதிய பஸ் ஸ்டாண்டை எங்கே கட்டினார்கள்? வேய்ந்தான்குளத்து நிலத்தில். குளத்தில் கட்டிவிட்டு, மழைக்குத் தண்ணீர் நிற்கிறதே என்று ஆச்சரியப்படுவது நம் ஊரில்தான் நடக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் பார்க்கப்பட்டது. வானம் பிளந்தது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆறு கரை மீறி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் வந்தது. அத்தனை மழையை எந்தக் கவுன்சிலும் தடுத்திருக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எந்த ஓடை அடைபட்டிருக்கிறது, எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பது கோட்டையில் இருக்கிற செக்ரட்டரிக்கா தெரியும்? அந்தத் தெருக்காரனுக்குத்தான் தெரியும்.

அதே கொக்கிரகுளத்துக் கரையில், 1999 ஜூலை 23 அன்று, கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் மீது தடியடி நடந்து, பதினேழு பேர் ஆற்றில் மாண்டார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. அதிகாரம் மலையிலிருந்து அத்தனை தூரத்தில் இல்லாதிருந்தால், அவர்கள் அந்த ஊர்வலம் வர வேண்டியிருந்திருக்காது என்று நாம் இன்றும் நினைக்கிறோம்.

"கவுன்சிலர்கள் வந்து மட்டும் என்ன கிழித்தார்கள்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கவுன்சிலர்களே வராததால் விழுந்தது. ஜூலையில் மேயர் ராஜினாமாச் செய்தார். பாதி வருஷம் கோஷ்டிச் சண்டையில் போயிற்று. ஆனாலும் சண்டை போடுகிற கவுன்சிலரை டீக்கடை வாசலில் நிறுத்திச் சட்டையைப் பிடிக்கலாம். ஸ்பெஷல் ஆபீசரைப் பிடிக்க முடியாது. அவருக்கு மாற்றல் உத்தரவு வரும், போய்விடுவார்.

அதைவிட முக்கியம், கவுன்சிலுக்கு என்ன அதிகாரம் கொடுத்தார்கள் என்பது. 2022 மார்ச் 2ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. சொத்துவரியை உயர்த்தும் உத்தரவு சென்னையிலிருந்து வந்தது. அறுநூறு சதுர அடி வீட்டுக்கும் இருபத்தைந்து சதவீதம் உயர்வு. உயர்த்தாவிட்டால் மத்திய நிதிக் கமிஷனின் மானியம் கிடைக்காது என்று காரணம் சொன்னார்கள். டில்லி சென்னையை நெருக்குகிறது, சென்னை நெல்லையை நெருக்குகிறது. கடைசியில் பீடி சுற்றுகிறவளின் வீட்டு வாசலில் பில் வந்து விழுகிறது. கவுன்சிலுக்கு வைத்த வேலை கை தூக்குவதுதான்.

பொதிகைக்கு அந்தப் புறம் பாருங்கள். அதே மலைதான், மேற்கே இறங்குகிற தண்ணீர் கேரளத்துக்குப் போகிறது. அங்கே 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் முப்பத்தைந்து முதல் நாற்பது சதவீதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கினார்கள். கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் ஜனங்கள் உட்கார்ந்து எது முதலில் என்று தீர்மானித்தார்கள். அங்கேயும் குறைகள் இருந்தன; பல இடங்களில் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவே பாடுபட்டார்கள். ஆனால் பேசுவதற்குப் பணம் என்ற பொருள் இருந்தது. இங்கே 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. வரவேற்கிறோம். ஆனால் சபைக்குப் பிரதிநிதி நியமனம். கையில் பணம் பூஜ்யம். 1866இன் வாசனை இன்னும் போகவில்லை.

கிராமங்களின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் உரிய நாளில் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். மாவட்டம் பிரித்த காரணத்தால் நம் ஜில்லாவில் 2021 அக்டோபரில்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டு எல்லை, இடஒதுக்கீடு, வழக்கு என்று 2016இல் சொன்ன காரணங்கள் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. தூசி தட்டினால் போதும்.

எனவே பாளை ஜனங்கள் கேட்க வேண்டியது சில விஷயங்கள்தான். 2027 மார்ச்சுக்கு முன் தேர்தல் தேதி. அதற்கான வார்டு வேலைகளை இப்போதே முடிப்பது. பகுதி சபைக்கு நியமனம் அல்ல, தேர்தல். பாளையங்கால்வாய்க்குப் பொறுப்பான எல்லா இலாகாக்காரர்களும் மண்டல அலுவலகத்தில் ஒரே நாளில், ஜனங்கள் முன்னிலையில் உட்கார்ந்து பதில் சொல்வது. பிறகு ஒரு கணக்கு: பாளை மண்டலத்தில் வருஷத்துக்கு வசூலான வரி எவ்வளவு, அதில் பாளையிலேயே செலவானது எவ்வளவு, தெருவாரியாக. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த அலுவலகத்தின் வாசலில் தொங்கவிட ஒரு பலகையும் நாலு ஆணியும் போதும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இந்தக் கணக்கையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.