மரத்தரை 'கிரீச்'னு கத்துதா? முதல்ல சுவரோரத்தைப் பாருங்க!

ஜப்பானின் கியோட்டோ நகரில் இருக்கிறது நிஜோ கோட்டை. 1603-ல் கட்டப்பட்டது. அதன் மரத் தாழ்வாரத்தில் நடந்தால் குருவி கீச்சிடுவதுபோல சத்தம் கேட்கும். 'ராத்திரியில் யாராவது பதுங்கி வந்தால் காட்டிக்கொடுக்கத்தான் இப்படிச் செய்தார்கள்' என்று ஒரு கதை உண்டு. ஆனால், தரைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடிகளில் ஆணிகள் உரசுவதுதான் காரணம், அதுவும் காலப்போக்கில் தேய்ந்ததால் வந்தது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்க அங்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர் ஃப்ளாட்டில் பெட்ரூமுக்கு ஆசை ஆசையாய் மரத்தரை போட்டவர்களுக்கோ, அதே சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது. தண்ணீர் குடிக்க ஒருவர் எழுந்தால் வீடே விழித்துக்கொள்கிறது. யாரும் நடக்காதபோதே 'டக்' என்று கேட்டால் வயதானவர்கள் பயந்தே போகிறார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஈரப்பதம் செய்யும் வேலை. வெட்டிப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், விடும். மழைக்காலத்தில் விரியும். ஏ.சி ஓடும் அறையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில்தான் அதிகம். பத்தடி அகல அறையில் போட்ட தேக்குப் பலகைகளில் ஈரப்பதம் 1 சதவிகிதம் கூடினால், கணக்குப்படி மொத்தமாக 5 மி.மீ-க்கு மேல்கூட விரியலாம். சிவப்பு ஓக் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

போடும் முன்பு...

* கான்க்ரீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. அதன்மேல் பாலித்தீன் ஷீட் விரிப்பது நல்லது.

* பலகை வந்த அன்றே வேலையை ஆரம்பிக்க வேண்டாம். கட்டைப் பிரித்து, அதே அறையில் சில நாள்கள் வைத்திருங்கள். தரை, பலகை இரண்டையும் மாய்ஸ்ச்சர் மீட்டரில் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

* சுவரை ஒட்டி நாலு பக்கமும் 10 முதல் 12 மி.மீ இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். ஆனால், ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

சத்தம் வந்த பிறகு...

* மிதிக்கும்போது 'கிரீச்' என்றால், பலகையோடு பலகையோ, ஆணியோடு பலகையோ உரசுகிறது. இடுக்கில் டால்கம் பவுடர் தூவி, துணியால் தேய்த்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு அடங்கும். பலகை ஆடினால் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியிருக்கும்.

* 'தொப் தொப்' என்று அமுங்கினால், அடித்தளம் மேடு பள்ளமாக இருக்கலாம். இதற்குப் பவுடர் உதவாது. பலகையை எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

* எப்போதாவது தானாக 'டக்' என்று கேட்பது, மரம் விரிந்து சுருங்கும் சத்தம். அதுவே அடிக்கடி கேட்டு, பலகைகளும் மேலே எழும்பினால், ஓரிடத்தில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் பலகை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கலாம்.

அவசரப்படாதீர்கள்!

பலரும் பணத்தை விடுவது இங்கேதான். மழைக்காலத்தில் பலகையின் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்திருக்கும். பார்க்கவே வயிறு எரியும். உடனே ஆளைக் கூப்பிட்டு மெஷின் வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுவிடுவார்கள். மரம் காய்ந்ததும் ஓரங்கள் இறங்கி, நடுப்பகுதி மேடாகிவிடும். மறுபடி தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பலகையின் கனம் குறையும்.

அதனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பாத்ரூம் கசிவா, ஏ.சி குழாயா, தினமும் ஈர மாப் போடுவதா? அதை நிறுத்திவிட்டுக் காய விடுங்கள். சில வாரங்களோ, மாதங்களோ ஆகலாம். பல சமயம் பலகை பெருமளவு தானாகவே சமமாகிவிடும்.

புதிதாகப் போடப்போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, 'சுவரோரம் எவ்வளவு இடம் விடுவீங்க?' என்று கேளுங்கள். 'இடமே தெரியாம ஒட்டிப் போட்டுத் தர்றேன்' என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்!