காடு இல்லாத ஊருக்கு எதற்கு இந்தப் படிப்பு?

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள பசுவந்தனையிலும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களிலும் காடு என்றால் மானாவாரி நிலம். உழவுக்கோ களையெடுப்புக்கோ கிளம்புகிறவர் காட்டுக்குப் போவதாகத்தான் சொல்வார். பருத்திக்காடு, கம்பங்காடு, உளுந்தங்காடு என்பவை அன்றாடப் பேச்சு. ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை சுற்றுச்சூழல் மேலாண்மை படிக்கப் போகிறேன் என்றால், அதே ஊரில் காடு என்ற சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. அது மலையும் அருவியும் உள்ள ஊர்க்காரர்களுக்கு உரிய படிப்பு, மரம் நடப் பட்டம் எதற்கு, பொட்டல் காட்டில் அதைப் படித்து என்ன செய்ய, கடைசியில் வேலையும் கிடைக்காது என்கிறார்கள். தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் இந்த எண்ணம், பாடத்தைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் தவறாக இருக்கிறது.

இதற்குக் கல்லூரிகளும் பொறுப்பு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் உத்தரவிட்டது. அது ஏட்டளவில் கிடந்ததால் 2003இல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன. அவற்றில் 5 களப்பணிக்கு. மாணவர்கள் உள்ளூர்க் குளத்தையோ ஓடையையோ மாசுபட்ட இடத்தையோ நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பல கல்லூரிகளில் அந்தத் தாளை நேரம் ஒழிந்த ஆசிரியர் யாராவது நடத்துகிறார். களப்பணி, படம் வெட்டி ஒட்டிய குறிப்பேடாகச் சுருங்குகிறது. ஓசோன் படலம், புவி வெப்பமாதல், மழைநீர் சேகரிப்பு என்று மூன்று கட்டுரைகளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றவர், துறையே அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொள்கிறார். ஒரு தாளின் குறையை ஒரு துறையின் தலையில் கட்டுவது இப்படித்தான் தொடங்குகிறது.

துறை வேறு. ஒரு வளத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், ஒரு கழிவை எங்கே எவ்வளவு விடலாம், அதனால் இழப்பு யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்பவற்றை அளந்து, முடிவெடுத்து, அந்த முடிவு நடக்கிறதா என்று கண்காணிப்பதே சுற்றுச்சூழல் மேலாண்மை. மண், நீர் வேதியியலும் நீரியலும் புள்ளியியலும் அதில் உண்டு. செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலவரைபடம் ஆக்கும் பயிற்சி உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981இன் காற்றுச் சட்டம், 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகியவற்றைப் பிரிவு பிரிவாகப் படிக்க வேண்டும். மரம் நடுவது இவற்றுக்கிடையே ஒரு சிறு பகுதி. அதிலும் எந்த மண்ணில் எந்த மரம், எங்கே நடவே கூடாது என்ற கேள்விகள்தான் பாடம்.

நிலத்தைப் பற்றிய தவறு இன்னும் பெரியது. கரிசலில் படிக்க ஒன்றுமில்லை என்பவர் காலடி மண்ணையே கவனிக்கவில்லை. மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் மிகுந்த இந்த மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். ஆனால் வெடிப்புகள் மூடிக்கொண்டபின் நீர் உள்ளே இறங்கும் வேகம் மிகவும் குறைந்துவிடும். பெருமழையின் மிச்சம் மேலோடிப் போய்விடும். மழை விழுந்தபின் சேற்றில் ஏர் இறங்காது என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிடுவது இவ்வட்டார வழக்கம். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி வேளாண்மையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. கம்பும் சோளமும் விளைந்த காடுகள் பல மக்காச்சோளத்துக்கு மாறின. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அந்தப் பருவத்திலேயே அவற்றைத் தின்று தீர்த்தது. மண், மழை, பயிர், பூச்சி, சந்தை ஐந்தும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இந்த நிலத்தைப் பொட்டல் என்று தள்ளுவது அறியாமை.

மண்ணில் இறங்காமல் மேலோடும் அந்த நீரைப் பிடிக்கத்தான் கண்மாய்கள் வெட்டப்பட்டன. ஒரு கண்மாயை நிர்வகிப்பது இன்று எவ்வளவு சிக்கலானது என்று பார்த்தால் படிப்பின் தேவை தானே விளங்கும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்புள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடும் புறம்போக்கு வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். கரம்பை என்னும் வண்டல் மண்ணை அள்ளக் கனிம விதிகளின்படி அனுமதி வேண்டும். உள்ளே வளர்ந்த மரங்களில் வனத்துறைக்கு உரிமை இருக்கலாம். குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2016-17இல் அரசு திட்டம் கொண்டுவந்தபோது கரைகள் உயர்ந்தன. ஆனால் வரத்துக்கால் அடைபட்ட கண்மாய்க்கு எவ்வளவு கரை கட்டினாலும் தண்ணீர் வராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் நெடுகக் குளங்களும் கண்மாய்களும் உடைந்தன. மேல் கண்மாய் உடைந்தால் அதன் வெள்ளம் கீழ்க் கண்மாயின் தலையில் விழும். நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு, வண்டல் எத்தனை அடி, உபரிநீர் வழியும் மறுகால் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும், ஆக்கிரமிப்பு எங்கே என்று கண்மாய்த் தொடர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவருகிற ஆள் எந்த ஒரு துறையிலும் இல்லை. அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

கண்மாய்க்குள் நிற்கும் சீமைக் கருவேலத்தைப் பற்றிய பேச்சும் இதே தேவையைக் காட்டுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டிவிடும் என்று ஊரெல்லாம் நம்புகிறது. அதற்கு அறிவியல் சான்று இல்லை. அது நீர்நிலைகளை அடைத்துக்கொள்வதும் மேய்ச்சல் நிலத்தை விழுங்குவதும் உண்மை. விறகும், மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழிலும் பல ஏழைக் குடும்பங்களுக்கு அந்த மரத்திலிருந்தே கிடைக்கின்றன என்பதும் உண்மை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் அதற்குத் தடை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்த மரம் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை பரவும். எந்த இடத்தில் வேரோடு எடுப்பது, எங்கே கரிக்காக விட்டுவைப்பது, எடுத்த இடத்தில் என்ன வளர்ப்பது, கரி மூட்டத்தை நம்பிய குடும்பத்துக்கு என்ன வழி என்று முடிவெடுக்க வதந்தி உதவாது.

தரிசு என்ற சொல்லும் அப்படித்தான். வரி வராத நிலத்தைத் தரிசு என்று எழுதிய வருவாய்க் கணக்கின் பார்வை இன்றும் நீடிக்கிறது; இந்தியாவின் தரிசு நிலப் படத்தொகுதியில் புதர் நிலமும் தரிசுதான். ஆனால் ஊரார் ஆடு மேய்ப்பது அங்கேதான். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இரவு தங்குவது இத்தகைய புல்வெளிகளில். இதே மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமானுக்காக 1987இல் சரணாலயமே அமைந்தது. இப்போது கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் நிறைந்துவிட்டன. சூரிய மின் பண்ணைகளுக்கும் கரிசலில் நிலம் வாங்கப்படுகிறது. காற்றாலைக்கும் சூரிய ஒளி மின்நிலையத்துக்கும் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. இந்த மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் ஓடை மறிக்கப்படுகிறதா, மேய்ச்சல் பாதை அடைபடுகிறதா என்று பார்க்கச் சட்டம் யாரையும் அனுப்பாத இடத்தில், பார்க்கத் தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரிதான் மிச்சம்.

அனுபவமுள்ள சம்சாரிக்கு (விவசாயிக்கு) இதெல்லாம் தெரியும், பட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மண்ணின் பதமும் மேகத்தின் போக்கும் சம்சாரிக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. ஆனால் கிணற்று நீரில் கரைந்த ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். அந்த அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை சான்று. தொடக்கத்தில் ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்தில் பசுமை வளையம் வேண்டும் என்று விதித்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு அதை 25 மீட்டராகக் குறைத்தது. 2018 ஏப்ரலில் இயக்க இசைவைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தபோது சொன்ன காரணங்களில் நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் தரப்படாததும், உப்பாற்றோரம் தாமிரக் கசடு கொட்டிக் கிடந்ததும், அபாயக் கழிவுக்கான அனுமதி புதுப்பிக்கப்படாததும் இருந்தன. ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது மே 22, 23 தேதிகளில் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். 28ஆம் தேதி ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மக்களின் போராட்டம் வாசலில் நடந்தது. நீதிமன்றத்துக்குள் வழக்கு நின்றதோ, மாதிரிகள் எடுத்த தேதி, ஆய்வக எண், இசைவாணையின் நிபந்தனை ஆகியவற்றின் மேல். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கப்பட்ட ஊரிலேயே இருந்தால், உயிர்கள் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை கிடைக்காது என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது மாணவருக்குச் செய்யும் துரோகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு வேதியியலும் விலங்கியலும் படித்தவர்களும் போட்டியிடலாம். உதவிப் பொறியாளர் பணி பொறியியல் பட்டதாரிகளுக்கே. பட்டம் இருந்தாலே அரசு வேலை என்ற எதிர்பார்ப்பு இங்கே பலிக்காது. ஆனால் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள்தான் தயாரிக்க முடியும். அவற்றுக்குத் துறைவாரியாக ஆள் வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல் விவரங்களும் அடங்கிய பொறுப்பறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. உப்பளம், அனல் மின்நிலையம், துறைமுகம், தீப்பெட்டி ஆலை, நகராட்சிக் குப்பைக் கிடங்கு என்று இந்த ஒரு மாவட்டத்திலேயே பணியிடங்கள் நிறைந்திருக்கின்றன. நீர்ப் பரிசோதனையும் வரைபடக் கணினியும் சட்டமும் கைவசம் உள்ளவரை இவை தேடும். தாளில் தேர்ச்சி மட்டும் பெற்றவரைத் தேடாது.

ஆகவே மாற வேண்டியது படிப்பு நடக்கும் விதம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கென்றே துறை இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்கு மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. அங்கிருந்து கரிசல் தொலைவில்லை. மலைக்குப் போகும் களப்பயணம் ஒரு பருவம் கண்மாய்க்கும் திரும்ப வேண்டும். கரம்பை, வரத்துக்கால், மறுகால், மூட்டம் என்ற சொற்கள் பாடநூலில் ஏற வேண்டும். கோவில்பட்டி வட்டாரத்துக் கல்லூரி ஒவ்வொன்றும் தன் களப்பணி வகுப்புகளை ஒரே கண்மாயில் ஆண்டுதோறும் செலவிட்டு, நீர்மட்டத்தையும் வண்டலையும் நீரின் உப்பையும் குறித்து வந்தால், பத்து ஆண்டில் எந்த அலுவலகத்திலும் கிடைக்காத கணக்கு ஒன்று ஊரின் கையில் இருக்கும். பசுவந்தனைப் பிள்ளை இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அவரைத் தடுப்பவர்கள், காடு என்று தாங்களே அன்றாடம் சொல்லும் நிலத்தைப் பற்றிய படிப்பைத்தான் தடுக்கிறார்கள்.