கண்டுமுதல் கணக்கில் கடைசி இலக்கம்

சம்பா அறுவடை முடிந்த கையோடு திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் "கண்டுமுதல் எப்படி?" என்று கேட்டால், "மாவுக்குப் பத்து மூட்டை" என்பார். இது தோராயக் கணக்கு. 100 குழி ஒரு மா. குழிக்கு 144 சதுர அடி. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது வழக்கு. கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு 360 சதுர அடி குறையும். அது ஒரு சென்ட்டுக்கும் உள்ளே. பத்து மூட்டை என்பதும் ஒன்பதரையாகவோ பத்தரையாகவோ இருக்கலாம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இது தெரியும். ஆகவே இதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் அதே விளைச்சல் பயிர்க் காப்பீட்டுக் கணக்கில் ஏறும்போது நிலைமை வேறு. அங்கே எண்ணைத் தோராயமாக்குவது பணத்தைத் தொடும் காரியம். எந்த இடத்தில் முழுதாக்குவது, எத்தனை இலக்கம் வரை நம்புவது என்பதை உழவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

நாலு எடை, நானூறு மடங்கு

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல்லுக்குத் தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமமே அலகு. அந்தக் கிராமத்தில் பொறுக்கி எடுத்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. ஒவ்வொரு வயலிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, முளையடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. எனவே தராசு காட்டும் எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வந்துவிடும்.

இந்த 400-ஐத்தான் கவனிக்க வேண்டும். தராசில் 100 கிராம் மாறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ மாறுகிறது. எடையை அரைக் கிலோ ஏற்றி எழுதினால் 200 கிலோ ஏறுகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு கிராமத்தில் நான்கு பரிசோதனைகளில் காய்ந்த நெல் 9.6, 9.7, 9.8, 9.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9.675, ஹெக்டேருக்கு 3870 கிலோ. "எல்லாம் பத்துதானே" என்று ஒவ்வொரு எடையையும் முழுதாக்கி எழுதினால் விடை 4000 கிலோ. இரண்டுக்கும் 130 கிலோ வித்தியாசம்.

உத்தரவாத மகசூல் 4500 கிலோ என்றால், முதல் கணக்கில் இழப்பு 14 சதவீதம், இரண்டாவதில் 11.1 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று கொண்டால், கிடைக்க வேண்டியது 4,200 ரூபாய்; முழுதாக்கிய கணக்கில் கிடைப்பது 3,333 ரூபாய். ஏக்கருக்கு ஏறத்தாழ 870 ரூபாய் போய்விட்டது. கிராமம் முழுவதுக்கும் ஒரே மகசூல் என்பதால், 500 ஏக்கர் காப்பீடு செய்த ஊரில் இது நாலு லட்சத்துக்கு மேல். இதில் யாரும் திருடவில்லை. பேனா சற்று அவசரப்பட்டது, அவ்வளவுதான்.

எனவே முதல் விதி இது: தராசு காட்டியதைக் காட்டியபடியே எழுத வேண்டும். கூட்டிப் பெருக்கி முடித்த பின், கடைசியில் ஒரே ஒரு முறை முழுதாக்க வேண்டும். நடுவில் கூடாது.

தேவையற்ற இலக்கம்

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு உண்டு. 3870 கிலோவை 2.471-ஆல் வகுத்து ஏக்கருக்கு மாற்றினால் கணக்குப்பொறி 1566.17 என்று காட்டும். அதை அப்படியே எழுதி வைத்தால் பார்ப்பவருக்குப் பெரிய துல்லியம் போலத் தோன்றும். ஆனால் 100 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 50 கிராம் முன்பின் இருப்பது இயல்பு. 400-ஆல் பெருக்கினால் அதுவே ஹெக்டேருக்கு 20 கிலோ. இருபது கிலோவே உறுதியில்லாத இடத்தில் புள்ளிக்குப் பின்னால் 17 எதற்கு? ஏக்கருக்கு 1570 கிலோ என்பதே நேர்மையான விடை. அளவையின் தரத்துக்கு ஏற்ப நிற்கும் இலக்கங்களை முக்கிய எண்ணுருக்கள் என்று பள்ளிப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். மற்ற இலக்கங்கள் கணக்குப்பொறி கொட்டிய பதர்.

புள்ளிக்குப் பின்னால் பார்ப்பதைவிட முளையடிப்பதைப் பார்ப்பது மேல். ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டருக்குப் பதில் 5.1 மீட்டராகப் போனால் பரப்பு 4 சதவீதம் கூடும். 3870 கிலோ விளைந்த வயல் 4025 கிலோ விளைந்ததாகத் தெரியும். கயிற்றின் மேல் நிற்கும் ஓரத்துக் குத்துகளை உள்ளே சேர்த்தாலும் இதே கதைதான். நெல் மகசூலை மாதிரி வயல் அறுத்துக் காணும் முறையை 1920-களில் பீகார், ஒரிசா பகுதியில் ஹப்பாக் நடத்திக் காட்டினார். பின்னர் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே, அளக்கும் துண்டு சிறியதானால் ஓரத்துச் செடிகள் சேர்ந்து மகசூல் கூடுதலாகக் காட்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு முன்பிருந்த அணாவாரி முறையில், வரப்பில் நின்று பார்த்து இத்தனை அணா விளைச்சல் என்று மதிப்பிட்டார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா தவறினாலே ஆறு சதவீதத்துக்கு மேல் தவறு. அந்தத் தோராயத்திலிருந்து மீளத்தான் தராசு வந்தது.

ஈரமும் அப்படியே. 22 சதவீத ஈரத்தில் 10 கிலோ இருக்கும் நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 9.07 கிலோதான். காய்ச்சலைக் கணக்கில் கொள்ளாமல் கிராம் வரை எடை எழுதுவதில் பொருளில்லை.

இரு பக்கமும் ஒரே நீதி

10.4 கிலோவை 10 என்று எழுதினால் விவசாயிக்குத்தானே லாபம் என்று சிலர் நினைக்கலாம். அது ஓர் ஆண்டு லாபம். உத்தரவாத மகசூல் எங்கிருந்து வருகிறது? கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தாண்டின் சராசரியிலிருந்து. இன்று குறைத்து எழுதிய மகசூல் அந்தச் சராசரிக்குள் புகுந்தால், வரும் ஆண்டுகளின் உத்தரவாதத்தைக் குறைக்கும். நாளை வெள்ளம் வந்து பயிர் அழுகும்போது இழப்பே சிறியதாகத் தெரியும். ஆகவே ஏற்றியும் எழுதக் கூடாது, இறக்கியும் எழுதக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பரிசோதனை நடக்கும் நாளில் நிலத்துச் சொந்தக்காரரும் அக்கம்பக்கத்தாரும் வயலில் நிற்க வேண்டும். நாலு பக்கமும் டேப்பால் அளப்பதைப் பார்க்க வேண்டும். தராசு வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். எடையை உரக்கப் படிக்கச் சொல்லி, புள்ளியோடு தாங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு எடைகளையும் முழுதாக்காமல் அப்படியே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் சந்தேகத்துக்கே இடமிராது. அதிகாரிகளுக்கும் அது பாதுகாப்பு.

டீக்கடையில் "மாவுக்குப் பத்து மூட்டை" என்று தாராளமாகச் சொல்லலாம். தராசுக்கு முன் நிற்கும்போது மட்டும் 9.6 என்றால் 9.6தான்.